காணாமற்போன வோல்ட்டுகள்

டார்ச் விளக்கு எரியாமற்போனால் முதலில் என்ன செய்கிறோம்? உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுகிறோம். பல சமயம் அது எரிந்துவிடுகிறது. தட்டியதனால் மின்கலத்திற்குள் புதிதாக மின்சாரம் ஒன்றும் வந்துவிடவில்லை. பல்பிலும் மாற்றம் இல்லை. அப்படியானால் எதுதான் மாறியது? எங்கோ இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டும் தொடாமலும் இருந்தன. தட்டிய வேகத்தில் சற்று இடம் மாறி, நன்றாகத் தொட்டுக்கொண்டன. அவ்வளவுதான்.

இதே சின்னக் குறை ஒரு காருக்குள் ஏற்பட்டால் என்ன ஆகும்?

பல கைகள் மாறி வந்த ஒரு பழைய காரை நினைத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 போன்ற ஒரு சிறிய பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வகையில் கடைசியாக வெளிவந்த வண்டிக்கே இன்று பத்து வயதுக்கு மேல் ஆகிறது. காலையில் நன்றாக ஓடிய வண்டி, மாலையில் கடைவீதியில் நிற்கிறது. உள் விளக்கு பளிச்சென்று எரிகிறது. சாவியைத் திருப்புகிறார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். அத்துடன் எல்லாம் இருட்டு. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, எதிரே உள்ள முகப்புப் பலகையிலும் ஒளி இல்லை. யாரோ பானெட்டைத் திறந்து பாட்டரிக் கம்பியை அசைக்கிறார். போன மின்சாரம் திரும்பி வந்துவிடுகிறது!

"பாட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள்" என்கிறார் ஒருவர். சில ஆயிரம் ரூபாய் செலவில் புதிய பாட்டரி வருகிறது. பத்தாம் நாள் அதே 'டக்', அதே இருட்டு.

இது பணத்தோடு முடிகிற தொல்லை அன்று. இரவில் நெடுஞ்சாலையில் போகும்போது இப்படி நேர்ந்தால், பின் விளக்கும் இல்லாமல் ஓர் இரும்புப் பெட்டி இருட்டில் நிற்கும். பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே, மின்சாரம் எங்கே தொலைந்தது என்பதை ஊகத்தால் அல்லாமல், அளந்து கண்டுபிடிப்பது அவசியமாகிறது. அதற்கு வேண்டிய அறிவு முழுவதும் உங்கள் பள்ளி இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. தேடிப் பார்ப்போமா?

போகும் வழி, திரும்பும் வழி

மின்னோட்டம் மூடிய சுற்றில்தான் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டரியின் நேர்முனையில் புறப்பட்டு, விளக்கின் வழியாகச் சென்று, எதிர்முனைக்குத் திரும்பவேண்டும். ஆனால் காரில் விளக்கிலிருந்து பாட்டரிக்குத் திரும்பிவரத் தனிக் கம்பியைத் தேடினால் கிடைக்காது. காரின் இரும்பு உடலே திரும்பும் கம்பியாகப் பயன்படுகிறது. பாட்டரியின் எதிர்முனையைத் தடித்த கம்பி ஒன்றினால் உடலோடு இணைத்துவிடுகிறார்கள். இதைத்தான் மெக்கானிக்குகள் 'பாடி எர்த்' என்கிறார்கள். இதனால் ஏராளமான செம்பு மிச்சமாகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. எஞ்சின், அதிர்ச்சியைத் தாங்குவதற்காக ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் எஞ்சினோடும் பாட்டரியின் எதிர்முனைக்குத் தொடர்பு இருக்கும்படி தடித்த கம்பியோ, பின்னிய செம்புப் பட்டையோ போட்டிருப்பார்கள். மழை நீரும் சேறும் படும் இடத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கும். அது அறுந்துபோனால் மின்னோட்டம் சும்மா இருப்பதில்லை. வேறு வழி தேடுகிறது. ஆக்ஸிலரேட்டர் கேபிளும் சோக் கேபிளும் எஞ்சினையும் உடலையும் தொட்டுக்கொண்டு இருக்கின்றன அல்லவா? நூறு ஆம்பியர் ஓட்டம் அந்த மெல்லிய கேபிள்களின் வழியாகப் பாய முயலும். கேபிள் சூடேறிப் புகையும். எஞ்சினைக் கிளப்பும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுடுகிறது என்றால், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் கேபிளைப் பார்க்கமாட்டார். எர்த் பட்டையைத்தான் பார்ப்பார்.

தெருவுக்கே தண்ணீர் இல்லை என்றால்

உங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் பழுது உங்கள் வீட்டுக் குழாயில். தெருவில் ஒரு வீட்டிலும் வரவில்லை என்றால் பழுது தெருவுக்கு வரும் பெரிய குழாயில். இது குழந்தைக்கும் தெரிந்த தர்க்கம்.

காரிலும் அப்படியே. ஹாரன் மட்டும் ஒலிக்கவில்லை என்றால் அதன் ஃபியூஸ், அதன் கம்பி, அதன் சுவிட்ச் ஆகியவற்றைச் சோதித்தால் போதும். ஆனால் விளக்கு, ஹாரன், வைப்பர், எஞ்சின் எல்லாம் ஒரே நொடியில் போனால், தனித்தனியாக எல்லாம் சேர்ந்து கெட்டுப்போனது என்று நினைப்பது அறிவுடைமை ஆகாது. எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் எதுவோ அதுதான் கெட்டிருக்கிறது.

அப்படிப்பட்ட பொது இடங்கள் ஒரு காரில் மிகச் சிலவே. பாட்டரி; அதன் காரீய முனைகளைக் கவ்விப் பிடித்திருக்கும் இரண்டு டெர்மினல் கவ்விகள்; எர்த் கம்பி உடலோடும் எஞ்சினோடும் சேரும் இடங்கள்; நேர்முனையிலிருந்து வரும் முதன்மை ஃபியூஸ் அல்லது உருகுகம்பி; சாவி போடும் சுவிட்ச். நூற்றுக்கணக்கான கம்பிகள் உள்ள வண்டியில் நாம் தேடவேண்டிய இடம் ஐந்தாகக் குறைந்துவிட்டது! இன்னும் ஓர் அளவுக் கருவியைக்கூடத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூடிய குழாயில் அழுத்தம் குறையாது

இப்போது மல்டிமீட்டரை எடுக்கலாம். எல்லாம் அணைந்து கிடக்கும் காரில் பாட்டரியை அளக்கிறோம். 12.6 வோல்ட். நல்ல பாட்டரிதான். கவ்வியில் வைத்து அளக்கிறோம். 12.6 வோல்ட். ஃபியூஸ் பெட்டியில் அளக்கிறோம். அங்கும் 12.6 வோல்ட். எல்லா இடத்திலும் மின்சாரம் இருக்கிறது. ஆனால் ஒன்றும் வேலை செய்யவில்லை! மீட்டர் பொய் சொல்கிறதா?

மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் தவறு.

மாடியில் தண்ணீர்த்தொட்டி. கீழே குழாய். நடுவில் குழாய் முக்கால்வாசி சேறு அடைத்துக் கிடக்கிறது. கீழ்க்குழாயை மூடி வைத்துவிட்டு அங்கே நீரின் அழுத்தத்தை அளந்தால் எவ்வளவு காட்டும்? தொட்டியின் முழு உயரத்துக்குரிய அழுத்தத்தையும் காட்டும்! சேறு அடைத்திருப்பதே தெரியாது. குழாயைத் திறந்து பாருங்கள், அழுத்தம் விழுந்துவிடும், நீர் சொட்டுச் சொட்டாக வரும். தண்ணீர் ஓடும்போதுதான் அடைப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

மின்சாரத்திலும் இதுவே நடக்கிறது. 1827-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி உங்களுக்கு மனப்பாடம். ஒரு தடையின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம் = மின்னோட்டம் × தடை. ஓட்டம் சுழி என்றால் பெருக்கு விடையும் சுழி. கெட்டுப்போன இணைப்பில் எவ்வளவு தடை இருந்தாலும், அதன் வழியே ஓட்டம் இல்லாதவரை அது ஒரு வோல்ட்டைக்கூட விழுங்காது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உட்தடை கோடி ஓம் அளவில் இருக்கும். அது அளக்கும்போது எடுத்துக்கொள்ளும் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆகவே அது மூடிய குழாயை அளந்ததற்குச் சமம்.

தெருவோரப் பட்டறையில் பழைய எலக்ட்ரீஷியன் ஒருவர் மீட்டரைத் தேடாமல், இரண்டு கம்பி இணைத்த ஒரு பல்பை வைத்துச் சோதிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவரைப் பழைய காலத்து மனிதர் என்று எண்ணிவிடாதீர்கள். 12 வோல்ட், 21 வாட் பல்பு எரிய ஏறத்தாழ 1.75 ஆம்பியர் ஓட்டம் வேண்டும். அதாவது அவர் குழாயைத் திறந்துவிட்டுப் பார்க்கிறார்! ஓர் இணைப்பில் 50 ஓம் தடை ஏற்பட்டிருந்தால் மீட்டர் 12.6 வோல்ட் காட்டும். அவருடைய பல்போ எரியாது. அந்த இடத்தில் மீட்டரைவிடப் பல்பே உண்மை பேசுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் காரின் டெர்மினல் கவ்வி ஒன்றில் வெறும் அரை ஓம் தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கப் பாட்டரியை 12 வோல்ட் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்போம்.

முதலில் 5 வாட் உள் விளக்கு. அதன் தடை ஏறத்தாழ 29 ஓம். சுற்றின் மொத்தத் தடை 29.5 ஓம். ஓட்டம் 0.4 ஆம்பியர். கெட்ட இணைப்பு விழுங்குவது 0.2 வோல்ட். விளக்கின் ஒளியில் வேறுபாடே தெரியாது.

அடுத்து இரண்டு முகப்பு விளக்குகள், மொத்தம் 110 வாட். இரண்டும் சேர்ந்த தடை ஏறத்தாழ 1.3 ஓம். இப்போது கெட்ட இணைப்பு விழுங்குவது 3 வோல்ட்டுக்கு மேல். விளக்குகளுக்குக் கிடைப்பது 9 வோல்ட்டுக்கும் குறைவு. ஒளி மங்கிச் செம்மஞ்சளாகத் தெரியும்.

மூன்றாவதாக ஸ்டார்ட்டர் மோட்டார். மெக்கானிக்குகள் 'செல்ஃப்' என்பது இதைத்தான். எஞ்சினைச் சுழற்ற இதற்கு 150 ஆம்பியர் தேவை என்று கொண்டால், அதன் தடை 0.08 ஓம்தான். இணைப்பின் தடையோ 0.5 ஓம். 12 வோல்ட்டில் 10 வோல்ட்டுக்கு மேல் இணைப்பே விழுங்கிவிடுகிறது. செல்ஃபுக்கு மிஞ்சுவது 2 வோல்ட்டுக்கும் குறைவு. அதனால்தான் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. அந்த இணைப்பைத் தாண்டித்தான் மற்ற எல்லாக் கருவிகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் அதே 2 வோல்ட்டுக்குக் குறைவான அழுத்தம்தான் கிடைக்கும். எனவே எல்லாம் ஒரே நேரத்தில் இருண்டுபோகின்றன!

உள் விளக்கு பளிச்சென்று எரிந்ததால் 'பாட்டரி நன்றாக இருக்கிறது, இணைப்பும் நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டியது எவ்வளவு பெரிய தவறு, பார்த்தீர்களா? சிறிய வேலை கொடுத்தபோது அந்த இணைப்பு சமாளித்தது. பெரிய வேலை கொடுத்ததும் கைவிட்டது.

ஒரு காலத்தில் கார்களில் 6 வோல்ட் பாட்டரியே பெரும்பாலும் இருந்தது. 1950-களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அதே வாட் வேலைக்கு மின்னழுத்தத்தை இரட்டித்தால் ஓட்டம் பாதி போதும். ஓட்டம் பாதியானால், கம்பியிலும் இணைப்பிலும் வெப்பமாக வீணாகும் திறன் நான்கில் ஒரு பங்காகக் குறையும். திறன் இழப்பு ஓட்டத்தின் இருமடியைப் பொறுத்தது அன்றோ!

இணைப்பு ஏன் கெடுகிறது?

பளபளவென்று தேய்த்த உலோகப் பரப்பையும் நுண்ணோக்கியில் பார்த்தால் மலையும் பள்ளத்தாக்குமாகத் தெரியும். இரண்டு பரப்புகளைச் சேர்த்து வைத்தால் மலையுச்சிகள் சில மட்டுமே ஒன்றையொன்று தொடும். மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில உச்சிகளின் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். இறுக்கிப் பிடித்தால் உச்சிகள் நசுங்கித் தொடும் பரப்பு கூடும். தளர்ந்தால் குறையும்.

பாட்டரிக்குள் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். மின்னேற்றும்போது நுண்ணிய அமிலத் திவலைகள் வெளியே கசிகின்றன. அவை காரீயத்தைத் தாக்கி வெண்ணிறக் காரீய சல்பேட்டாகவும், செம்பைத் தாக்கி நீலப் பச்சை நிறச் செம்பு சல்பேட்டாகவும் மாற்றுகின்றன. செம்பு சல்பேட்டைத்தான் நாம் மயில்துத்தம் என்கிறோம். டெர்மினலில் உப்புப் பூத்தது போலத் தெரிவது இவைதாம். இவை மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தா. கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு இரும்பையும் எர்த் திருகுகளையும் அரிக்கிறது.

இனி நடப்பதைக் கவனியுங்கள். தொடும் பரப்பு குறைந்தால் தடை கூடும். தடை கூடினால் வெப்பம் கூடும். வெப்பத்தால் உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும். விரிந்து சுருங்கி இணைப்பு மேலும் தளரும். வெப்பத்தில் உலோகம் காற்றோடு சேர்ந்து மேலும் ஆக்சைடு படியும். தடை இன்னும் கூடும். பல மாதங்கள் மெல்ல மெல்ல நடந்த கேடு, ஒரு நாள் செல்ஃபின் பெரும் ஓட்டம் பாய்ந்தபோது கடைசி உச்சியும் கருகி 'திடீர்' என்று வெளிப்படுகிறது. நோய் திடீரென வந்ததன்று. வெளியே தெரிந்ததுதான் திடீர்.

கம்பியை அசைத்ததும் வேறு சில உச்சிகள் தொட்டுக்கொண்டு உயிர் வருகிறது. இது குணம் அன்று. நோய் ஒளிந்துகொண்டது என்றே பொருள்.

பழைய காருக்கு இன்னொரு சாபமும் உண்டு. முன்பு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் கூடுதல் ஹாரன், பாட்டுப்பெட்டி, பனி விளக்கு என்று ஏதாவது பொருத்தியிருப்பார்கள். கம்பியைச் சீவி முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் உள்ளே ஒளிந்திருக்கும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று யாராவது அதற்குப் பதில் செம்புக் கம்பியைக் கட்டியிருந்தால் அது மிகப் பெரிய ஆபத்து. உருகவேண்டிய ஃபியூஸ் உருகாவிட்டால், வயரிங்கே தீப்பற்றும்.

தேடும் முறை

இச்சோதனையைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே பார்க்கவேண்டும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக்கைப் போட்டுவிடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். தீயும் பொறியும் அருகில் கூடாது.

மீட்டரை வோல்ட் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பிச் செல்ஃப் போடும்போது மற்றவர் அளக்கவேண்டும். ஓட்டம் ஓடும்போதுதான் அளக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

1. பாட்டரியின் இரு காரீய முனைகளின் தலையிலேயே மீட்டரின் ஊசிகளை வையுங்கள். கவ்வியின்மேல் வைக்கக்கூடாது. செல்ஃப் சுழலும்போதும் ஏறத்தாழ 10 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் இருந்தால் பாட்டரி நலமே.

2. ஓர் ஊசியைக் காரீய முனையிலும், மற்றதை அதே முனையைக் கவ்வியிருக்கும் கவ்வியிலும் வையுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்களுக்கு இடையே அளப்பது வேடிக்கையாகத் தோன்றும். நல்ல இணைப்பானால் மீட்டர் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. 3, 5, 10 என்று காட்டினால் காணாமற்போன வோல்ட்டுகள் அகப்பட்டுவிட்டன!

3. ஓர் ஊசி எதிர்முனையில். மற்றது எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில். செல்ஃப் சுழலும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் கம்பியைச் சந்தேகியுங்கள்.

4. முகப்பு விளக்குகளை எரியவிட்டு, எதிர்முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். இங்கும் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும்.

5. நேர்முனைக்கும் செல்ஃபின் தடித்த கம்பி சேரும் இடத்துக்கும் இடையே, செல்ஃப் சுழலும்போது அரை வோல்ட் வரை விழலாம். அதற்கு மேல் கூடாது.

மேலே கண்ட எல்லா அளவும் சரியாக இருந்து, செல்ஃபும் நன்றாகச் சுழன்று, மற்றக் கருவிகள் மட்டும் இருண்டிருந்தால், முதன்மை ஃபியூஸையும் சாவிச் சுவிட்சையும் இதே முறையில் சோதிக்கவேண்டும்.

1845-ஆம் ஆண்டு கிர்க்காஃப் என்னும் அறிஞர் ஓர் உண்மையைச் சொன்னார். ஒரு மூடிய சுற்றில் ஆங்காங்கே விழும் வோல்ட்டுகளையெல்லாம் கூட்டினால் பாட்டரி தரும் வோல்ட்டுக்குச் சமமாக இருக்கும். செல்ஃபுக்கு வரவேண்டிய வோல்ட் வரவில்லை என்றால் அது அழிந்துபோகவில்லை. வழியில் வேறோர் இடத்தில் விழுந்து கிடக்கிறது. நாம் தேடவேண்டியது அந்த இடத்தைத்தான்.

இடம் அகப்பட்டபின் வைத்தியம் எளிது. எதிர்முனைக் கவ்வியை முதலில் கழற்றவேண்டும். திரும்பப் போடும்போது அதைக் கடைசியாகப் போடவேண்டும். எதிர்முனை கழன்றபின் ஸ்பானர் தவறி உடலில் பட்டாலும் சுற்று முழுமை பெறாது. அதனால் பொறி பறக்காது. சமையல் சோடா கரைத்த நீரால் டெர்மினலைத் துடைத்தால் நுரை பொங்கும். அமிலமும் சோடாவும் சேர்ந்து கார்பன்-டை-ஆக்சைடு வெளிவருகிறது. அந்த நீர் பாட்டரிக்குள் போகக்கூடாது. பிறகு உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடத் தேய்த்து, இறுக்கி, மேலே சிறிது வாசலைன் தடவிவிட்டால் போதும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காரீயம் நஞ்சு.

பாட்டரியே குற்றவாளியானால்

சில சமயம் குற்றம் பாட்டரியின்மேலும் இருக்கும். கார் பாட்டரி என்பது தலா 2.1 வோல்ட் தரும் ஆறு காரீய அமிலக் கலங்களின் தொடர். பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் அமைத்த கலத்தின் வழிவந்தது. கலத்தையும் கலத்தையும் உள்ளே இணைக்கும் காரீயப் பாலம் விரிசல் கண்டால், சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் போட்டதும் காரீய முனைகளிலேயே 2 அல்லது 3 வோல்ட்டாகச் சரிந்துவிடும். மேலே சொன்ன முதல் சோதனை இதைக் காட்டிவிடும். அப்போது புதிய பாட்டரி வாங்குவது நியாயம்.

ஓடும்போது மின்னேற்றி நின்றுபோவது வேறு வகை. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் அறுந்தால், முகப்புப் பலகையில் சிவப்புப் பாட்டரி விளக்கு எரியும். வண்டி உடனே நிற்காது. பாட்டரியில் உள்ள சேமிப்பைத் தின்றுகொண்டு ஓடும். 35 ஆம்பியர்-மணி பாட்டரியில் 15 ஆம்பியர் செலவானால், கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பழைய பாட்டரியில் அதற்கும் வெகு குறைவு. விளக்கு மெல்ல மெல்ல மங்கினால் மின்னேற்றத்தில் குறை. ஒரே நொடியில் எல்லாம் போனால் இணைப்பில் குறை. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தாலே பாதி நோய் விளங்கிவிடும்.

எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றி, 'எஞ்சின் நிற்கவில்லை, ஆகவே ஆல்டர்னேட்டர் நன்று' என்று சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இதை ஒருபோதும் செய்யக்கூடாது. பாட்டரி என்னும் தாங்கி இல்லாதபோது ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணத்தில் பல பத்து வோல்ட் துள்ளக்கூடும். டையோடுகளும் மின்னணுச் சாதனங்களும் எரிந்துபோகும்.

இரவில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியே திடீரென இருண்டால்? கால் பிரேக் திரவ அழுத்தத்தால் இயங்குவது. மின்சாரம் போனாலும் பிடிக்கும். வெற்றிட உதவியுள்ள வண்டிகளில் எஞ்சின் நின்றபின் ஓரிரு மிதிகளுக்குமேல் பிரேக் கனத்துவிடும். ஆகையால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, வண்டியை இடப்புறம் ஒதுக்கவேண்டும். வண்டி நிற்கும்வரை சாவியை உருவக்கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நின்றபின் எல்லோரும் இறங்கிச் சாலையைவிட்டு விலகி நின்று, ஒளி திருப்பும் முக்கோணப் பலகையைப் பின்னால் வைப்பதே முதல் வேலை. பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செய்து பாருங்கள்

கார் இல்லாமலேயே இந்த உண்மையை நீங்கள் மேசைமேல் காணலாம். இரண்டு 1.5 வோல்ட் டார்ச் மின்கலங்கள், பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் இழை பல்பு ஒன்று, சிறிது கம்பி, இருபுறமும் சீவிய ஒரு பென்சில் ஆகியவை போதும். பென்சிலின் உள்ளே உள்ள கிராஃபைட் மின்சாரத்தை ஓரளவு கடத்தும். அதுவே நம்முடைய 'கெட்ட இணைப்பு'.

மின்கலங்கள், பென்சில், பல்பு மூன்றையும் தொடராக இணையுங்கள். பல்பு மங்கும், அல்லது எரியவே எரியாது. இப்போது பல்பை மட்டும் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தின் இரு முனைகளில் மீட்டரை வையுங்கள். ஏறத்தாழ 3 வோல்ட் முழுவதும் காட்டும்! பல்பைத் திரும்பப் பொருத்தி அளந்தால் வோல்ட் சரிந்திருக்கும். அடுத்து மீட்டரைப் பென்சிலின் இரு முனைகளுக்கு மாற்றுங்கள். சரிந்துபோன வோல்ட் அங்கே இருக்கும். இரண்டு அளவுகளையும் கூட்டிப் பார்த்துக் கிர்க்காஃப் சொன்னதைச் சரிபாருங்கள். வீட்டு மின்சாரத்தை இந்தச் சோதனைக்குத் தொடவே கூடாது.

இப்பாடம் பழைய கார்களோடு நின்றுவிடுவதில்லை. பெரும் பாட்டரியில் ஓடும் இன்றைய மின்கார்கள் பெரும்பாலானவற்றிலும் விளக்குக்கும் பூட்டுக்கும் தனியே ஒரு 12 வோல்ட் பாட்டரி இருக்கிறது. அதற்கும் டெர்மினல் உண்டு. வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் பிளக் தொட்டால் சுடுகிறது என்றால் அங்கேயும் ஓர் இணைப்பு வோல்ட்டுகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. நம் காரின் கவ்வியில் தடை அரை ஓம் அல்ல, 0.02 ஓம் மட்டுமே என்று கொள்ளுங்கள். பாட்டரி 12 வோல்ட், செல்ஃப் 0.08 ஓம். மொத்தம் 0.1 ஓம், ஓட்டம் 120 ஆம்பியர். செல்ஃபுக்கு 9.6 வோல்ட் கிடைக்கிறது. வண்டி எப்படியோ கிளம்பிவிடும். ஆனால் அந்தக் கவ்வியில் வெளிப்படும் வெப்பம் 288 வாட்! அரை ஓம் தடை இருந்தபோது வெளிப்பட்டது ஏறத்தாழ 214 வாட்தான். முழுதும் கெட்ட இணைப்பைவிட, 'எப்படியோ வேலை செய்கிற' அரைகுறை இணைப்பே அதிகமாகச் சுடுகிறது. அப்படியானால் எத்தனை ஓம் தடை இருக்கும்போது கவ்வி மிக அதிகமாகச் சுடும்? தாளும் பென்சிலும் எடுத்துக் கண்டுபிடியுங்கள்.